நான்காவது கயிறு

ஜனவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இடுப்புக்கு மேலே நான் நலம். இடுப்புக்குக் கீழே இருப்பவர் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. நீ, என் தங்கை, பிள்ளைகள் எல்லோரும் தலை முதல் கால் வரை நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் பண்ணினால் "அப்புறம் கூப்பிடுறேன் மச்சான்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள், மார்ச் இருபது. நழுவிய எலும்பு நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறதாம். அதைச் சரி செய்தால் கால் திரும்ப வாய்ப்பு உண்டு. இந்தத் தேதியை விட்டால் எட்டு மாதம் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் நரம்பு செத்துவிடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஒரு சிக்கல். முதுகை ஒரு விரல் அளவுகூட வளைக்கக் கூடாது. பலகையில் கட்டி, படுத்தபடியே கொண்டுவர வேண்டும். எங்கள் மாடிப்படி உனக்குத் தெரியும், திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கும். ஆறடிப் பலகை அதில் திரும்பாது. தீயணைப்பு நிலையத்துக்கு எழுதினோம். ஏணி வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது என்று பதில் வந்தது. ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கினவன், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டான். சந்தே சிரிக்கிறது.

மிச்சம் இருப்பது பால்கனி ஒன்றுதான். மோட்டாரை இறக்குவது போல என்னை இறக்க வேண்டும். மேலே கப்பி, தூணில் மூன்று சுற்றுக் கயிறு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு நிதானமான கை. நாம் இரண்டு பேரும் எத்தனை மோட்டார் இறக்கியிருக்கிறோம்! கயிறு விடுவதில் உன் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நீ வர வேண்டும்.

பதில் எழுது. படுத்துக்கொண்டே எழுதுவதால் வரிகள் மலை ஏறுகின்றன, பொறுத்துக்கொள்.

உன் மச்சான்

*

ஜனவரி 27

கர்த்தருக்குள் பிரியமான மச்சானுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் யாவரும் சுகம். தங்கள் பூரண சுகத்துக்காகக் குடும்பமாக ஜெபித்துவருகிறோம். அக்காவுக்கும் எங்கள் ஸ்தோத்திரங்களைச் சொல்லவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தது பெரிய நன்மை. ஆனால் நான் இப்போது ஒரு கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பது தங்களுக்குத் தெரியும். லிஃப்ட் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. கயிறு பிடித்த கை இல்லை இது. மார்ச் மாதம் யாருக்கும் லீவும் கிடையாது. இந்த வேலையில் தேர்ந்தவர் யாரையாவது அமர்த்துவதே நல்லது என்று தாழ்மையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

படுக்கைப் புண் வராமலிருக்க ஒரு காற்று மெத்தை அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு கைவிசிறி.

அன்றைக்கு நடந்தது எதுவும் தங்களுக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை என்று அக்கா சொன்னார்கள். தலையில் பட்ட அடி அப்படி. வராமலிருப்பதும் ஒரு நன்மைக்கே என்று எண்ணுகிறேன்.

ஜெபத்துடன்,
தங்கள் தங்கையின் கணவர்

*

பிப்ரவரி 2

மாப்பிள்ளை,

நலம். மெத்தை வந்தது. அதில் படுத்தால் தண்ணீரில் மிதப்பது போல இருக்கிறது. விசிறியை உன் அக்கா எடுத்துக்கொண்டாள். அடுத்து என்ன அனுப்பப் போகிறாய், கட்டிலா? நான் கேட்டது உன்னை.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. "தங்கள் தங்கையின் கணவர்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் என்ன, உன் கல்யாணப் பத்திரிகையா கேட்டேன்? பதினோரு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன், திடீரென்று தாழ்மையாகச் சொல்லிக்கொள்கிறான்!

தேர்ந்தவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கிரேன் கேட்டார். இன்னொருவர் மாடிப்படியை இடிக்கச் சொன்னார். ஏற்கெனவே ஒருமுறை பட்டதும் போதும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி இடித்தது. விபத்தில் முறிந்த எலும்பு இன்னும் நழுவியது அங்கேதான்.

ஏற்பாட்டைச் சொல்கிறேன். மொத்தம் நான்கு கயிறு. பலகை சுவரில் மோதாமல் கீழேயிருந்து இழுத்துப் பிடிக்க இரண்டு பக்கக் கயிறு. ஒன்றைத் தையல்காரர் பிடிக்கிறார், ஒன்றை நம் சபைப் போதகர். பிரதானக் கயிறு ஏதாவது ஆனால் தாங்குவதற்கு ஒரு துணைக் கயிறு, அது கீழ்வீட்டு வெல்டர் கையில். பிரதானக் கயிறு பிடிக்கத்தான் ஆள் இல்லை. வெல்டர் "நானே பிடிக்கிறேன் அண்ணே" என்றார். வேண்டாம், அதற்கு ஆள் வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

விசாரணை அறிக்கையின் நகலும் வந்தது. "மெக்கானிக் மெயின் ஸ்விட்சில் பூட்டுப் போட மறந்தார். விபத்துக்கு அவரே பொறுப்பு" என்று எழுதி, என் உரிமத்தை ரத்து செய்திருக்கிறார்கள். கீழே சாட்சியாக உன் கையெழுத்து. உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

எப்போது வருகிறாய்?

மச்சான்

*

பிப்ரவரி 13

அன்பான அண்ணாவுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அவர் நலமா என்று கேட்டால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவர் சாப்பிடுவதில்லை. என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, வேலை ஜாஸ்தி" என்கிறார். போன வாரம் கதவுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கீழே போட்டுவிட்டார். "இந்த வீட்டுக்குப் பூட்டே வேணாம், யார் வந்து என்னத்த எடுக்கப் போறான்"னு கத்தினார். கத்துகிற ஆளா அண்ணா அவர்?

நேற்று அவருடைய பழைய வேலைப் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே பித்தளைப் பூட்டு. பின்பக்கம் உளியால் மூன்று கோடு. நீங்கள் உங்கள் சாமான்களில் எல்லாம் போடும் அடையாளம் அது என்று எனக்குத் தெரியும். இவர் பைக்குள் எப்படி வந்தது? பூட்டே போடவில்லை என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்?

என்னிடம் மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கை

*

பிப்ரவரி 18

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் அண்ணியும் நலம். அவளுக்கு என்னைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டுத் தோள்வலி.

பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் தொழிலில் ஒரு விதி உண்டு. லிஃப்டுக்குள் ஆள் வேலை செய்யும்போது மேலே மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன்மேல் பூட்டுப் போட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, அவரவர் சாவி அவரவர் சட்டைப்பையில். இருவரும் திறந்தால்தான் லிஃப்ட் ஓடும். அதனால் எங்களிடம் பூட்டுக்குப் பஞ்சமில்லை. நீ பார்த்தது நான் எப்போதோ அவனுக்குக் கொடுத்த பழைய பூட்டாக இருக்கும். எடுத்த இடத்தில் வைத்துவிடு.

அவனைத் தொல்லை பண்ணாதே. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அண்ணன்

*

பிப்ரவரி 18

மாப்பிள்ளை,

இன்றைக்கு இது இரண்டாவது கடிதம். முதலாவதில் ஒரு பொய் எழுதி அனுப்பிவிட்டேன். அந்தக் கசப்போடு இதை எழுதுகிறேன். உடம்பு அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து ஜெபித்தார். நான் கயிற்றில் இறங்கப் போகிறவன் அல்லவா, அதற்குப் பொருத்தமாக அந்தக் கூரை சம்பவத்தை வாசித்தார். நடக்க முடியாத ஒருவனை நான்கு பேர் தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, படுக்கையோடு இயேசுவுக்கு முன்னால் இறக்குகிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த நான்கு பேருடைய விசுவாசம் எவ்வளவு பெரியது என்று போதகர் முக்கால் மணி நேரம் பேசினார்.

நான் குறுக்கே கேட்டேன். "ஐயா, மேல நின்னவங்களுக்கு விசுவாசம் இருந்துச்சு, சரி. கீழ தொங்கினவனுக்கு வயித்துல என்ன இருந்திருக்கும்? அவனை யாராச்சும் கேட்டாங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகும் அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு வேறு என்ன வேலை?

அவன் பிறவியிலேயே நடக்க முடியாதவன் என்று எங்கும் எழுதவில்லை. எங்கேயோ விழுந்திருக்கலாம். விழுந்தபோது பக்கத்தில் யாராவது இருந்திருக்கலாம். அந்த நான்கு பேரில் ஒருவன்தான் அவன் விழக் காரணமோ என்னவோ! அப்படி இருந்தால் அந்த ஒருவன் கயிற்றை எப்படிப் பிடித்திருப்பான்? தொங்குகிறவன் மேலே பார்க்கும்போது எந்த முகத்தைப் பார்த்திருப்பான்?

இன்னொன்று. இயேசு அவனைப் பார்த்ததும் எழுந்து நட என்று சொல்லவில்லை. முதலில் அவனுடைய பாவத்தை மன்னித்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவன் என்ன பாவம் செய்துவிட முடியும் என்று நான் கேட்டதுண்டு. இப்போது தெரியும். கிடந்த இடத்திலிருந்தே ஒருவனை வெறுக்கலாம். அதற்குக் கால் தேவையில்லை.

எழுது, மாப்பிள்ளை. இந்தத் தடவை ஸ்தோத்திரம் எல்லாம் போடாமல் எழுது.

மச்சான்

*

மார்ச் 2

மச்சான்,

பூட்டை நான்தான் திறந்தேன்.

உங்களுக்கு நினைவில்லாததால் எழுதுகிறேன். நீங்கள் மறக்கவில்லை. உங்கள் கையால் பூட்டுப் போட்டீர்கள். "நமக்குள்ள எதுக்குடா ரெண்டு பூட்டு, ஒண்ணு போதும், சாவி உன்கிட்ட இருக்கட்டும்" என்று என் பையில் சாவியைப் போட்டுவிட்டு இறங்கினீர்கள். நாம் எப்போதும் அப்படித்தானே செய்வோம்.

பதினோரு மணி இருக்கும். கட்டட மேலாளர் மோட்டார் அறை வாசலில் நின்று லிஃப்டை ஓட்டச் சொல்லி நச்சரித்தார். காவலாளி வந்து, "உங்க மச்சான் வெளிய போறதப் பாத்தேனே, டீக்கடைப் பக்கம்" என்றார். உங்களை மாதிரியே நீலச் சட்டை போட்ட ஒரு பெயின்டரைத்தான் அவர் பார்த்திருக்கிறார். குழிக்குள் குனிந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் கொடுக்கவில்லை. திறந்தேன், ஸ்விட்சைப் போட்டேன். நீங்கள் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பெட்டி நகர்ந்தது. நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். அது மட்டும்தான் கேட்டது.

பூட்டைப் பைக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கை தானாகப் போட்டது. பிறகு விசாரணைக்கு வந்த லிஃப்ட் ஆய்வாளர் கேட்டபோது வாயும் தானாகச் சொன்னது. நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்றார்கள். பிழைத்த பிறகு உங்களுக்கு ஞாபகம் இல்லை என்றார்கள். நான் அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன் மச்சான். முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் கயிறு பிடிக்கக் கூப்பிடாதீர்கள். என் கையில் உங்களை வைக்காதீர்கள்.

*

மார்ச் 6

டேய்,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்த முதல் நாளே இருந்தது. ஆய்வாளர் கட்டிலருகே வந்து கேட்டபோது உன் சாட்சியம் அவர் கையில் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் நீ உள்ளே போவாய். என் தங்கை இரண்டு பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பாள். "ஞாபகம் இல்ல சார்" என்றேன். அதைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயாகவே வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் நீதான் என்று நினைப்பேன். பால்காரர் வருவார், பேப்பர்காரர் வருவார். நீ ஊரை விட்டே போய்விட்டாய்.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. பூட்டைத் திறந்ததற்கு இல்லை, அது யாருக்கும் வரும் தப்பு. அதில் பாதி என்னுடையது. ஆனால் இருபத்தொரு வருடம் ஒரு தடவைகூடப் பூட்டு மறக்காதவனை மறந்தவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயே, அதற்கு. என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் பெண்டாட்டியே ஒருநாள் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று உனக்கு எழுத எத்தனையோ முறை பேனாவை எடுத்தேன். தூரத்தில் இருக்கிறவனை மன்னிப்பது சுலபம். காகிதத்தில் யாரும் மன்னிக்கலாம். கண்ணை மூடினால் இன்னும் அந்தப் பெட்டி நகர்கிறது. வேறு யார் கையிலாவது இறங்கி, ஆபரேஷன் முடிந்து, எழுந்து நடந்தாலும் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் என் கால் தரையைத் தேடும். நான் உன்னை மன்னித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. என் முழுப் பாரத்தையும் உன் கையில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

தகுதி இருக்கிறது என்று உன்னைக் கூப்பிடவில்லை. தகுதி பார்த்தால் கிருபை எதற்கு?

பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணி. நீ வராவிட்டால் நான் இறங்க மாட்டேன். பிடிவாதம் என்று சொல். முட்டாள் என்று சொல். உன் அக்கா இரண்டையும் சொல்லிவிட்டாள்.

*

மார்ச் 12

மச்சான்,

கயிறு என்ன பருமன்? நைலானா, தேங்காய் நாரா? நைலான் என்றால் பாரத்தில் நீளும், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பால்கனித் தூண் செங்கல்லா, இரும்பா? கப்பி எதில் தொங்குகிறது? துணைக் கயிறு அதே தூணில் சுற்றியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், வேறு இடத்தில் கட்ட வேண்டும்.

நீங்கள் இப்போது எத்தனை கிலோ?

*

மார்ச் 14

மாப்பிள்ளை,

நார்க்கயிறு, கட்டைவிரல் பருமன், புதியது. தூண் இரும்பு, அடியில் கான்கிரீட். கப்பிக்கு வெல்டர் மேல் உத்தரத்தில் கொக்கி வைத்து, அதில் அவரே தொங்கிப் பார்த்தார். துணைக் கயிறு உள்ளறை ஜன்னல் கம்பியில் போகிறது, தனியாக. நான் அறுபத்தொரு கிலோ. படுத்தே சாப்பிட்டும் இளைத்துவிட்டேன்.

துணைக் கயிறு எதற்கு என்று உனக்கு ஒரு சந்தேகம் வரலாம், மச்சான் என்னை நம்பவில்லையா என்று. அன்றைக்கு ஒரே பூட்டுப் போட்டோமே, அதை நாம் நம்பிக்கை என்று நினைத்தோம். அது நம்பிக்கை இல்லை, சோம்பேறித்தனம். உன்னை நம்புகிறேன், அதனால்தான் இரண்டு கயிறு. இரண்டாவது உன்னைக் காக்க.

வருகிறேன் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து மணி.

மச்சான்

*

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று டாக்டர் என் இடதுகால் கட்டைவிரலை ஊசியால் குத்தினார். நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் வலித்ததற்காக முதல் தடவை அழுதேன். வலதுகால் இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது. ஊன்றுகோலோடு நடக்கலாம், லிஃப்ட் குழிக்குள் இனி இறங்க முடியாது என்கிறார்கள். அதற்கும் ஒருநாள் அழுதுகொள்கிறேன்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறியதாக மாப்பிள்ளை சொன்னான். நீ துணிகளை மடித்து அவன் பக்கம் தள்ளினாயாம். உன் கோபம் நியாயம். என்மேலும் இருக்கும், பூட்டைப் பற்றிப் பொய் எழுதினேனே. நான் மன்னித்தேன் என்பதற்காக நீயும் உடனே மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். மெதுவாக வா.

நான் ஆபரேஷன் மேஜையில் கிடந்தபோது அவன் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பூட்டை மேஜைமேல் வைத்து, பழைய சாட்சியம் பொய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். வழக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். "வரட்டும் மச்சான்" என்கிறான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. போதகர் ஒரு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார்.

பத்தொன்பதாம் தேதி நடந்ததை நீ கேட்டதாகச் சொன்னான். அவனால் சொல்ல முடியவில்லையாம். நான் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கே வந்துவிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா இருக்கீங்களா மச்சான்" என்று தூணைப் பார்த்துக் கேட்டான். தூணை உதைத்தான், கொக்கியைத் தட்டினான், கயிற்றை அடி அடியாக விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என் எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி இரண்டு தரம் இறக்கினான். மூட்டை பூ மாதிரி இறங்கியது. சந்து முழுக்க ஜனம். தையல்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

பத்து மணிக்கு என்னைப் பலகையில் வைத்து நெற்றி, மார்பு, இடுப்பு, முழங்கால் எல்லாவற்றையும் பட்டையால் கட்டினார்கள். கை அசையாது, தலை திரும்பாது. பால்கனிக் கம்பியைத் தாண்டி வெளியே தள்ளினார்கள். அதுதான் மோசமான நொடி. முதுகுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே கொஞ்சம் வானம், கப்பி, பால்கனி ஓரத்தில் அவன் தலையும் இரண்டு கையும்.

ஒரு சாண் இறங்கியதும் எனக்கு வியர்த்துவிட்டது. மன்னிப்பைப் பற்றி அவ்வளவு பெரிதாக எழுதினவன், "கர்த்தாவே, இவன் விட்டுடுவான்" என்றுதான் ஜெபித்தேன். அதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

இரண்டாவது மாடி வந்ததும் கயிறு நின்றது. கீழேயிருந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று சத்தம். நான் மேலே பார்த்தேன். அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி கத்தினான்.

"பூட்ட நான்தான் திறந்தேன்! மச்சான் பூட்டுப் போட்டாரு! அவர் மறக்கல! நான்தான் திறந்தேன், நான்தான் பொய் சொன்னேன்!"

உன் அண்ணி பால்கனியில் அவன் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் அவனைப் பார்த்த பார்வையில் நான் இன்னொரு தடவை விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியும்டா!" என்று நானும் கத்தினேன். "அத இப்பவா சொல்லுவ? என்ன இறக்கிட்டுச் சொல்லுடா!"

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "கை நடுங்குது மச்சான். வெல்டர்கிட்ட குடுத்துடறேன். என்னால முடியல."

வெல்டர் தயாராகத்தான் நின்றார். சரி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கயிறு கை மாறியிருக்கும். சொல்ல வாயெடுத்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேனா, அன்றைக்கு அந்தக் குழிக்குள் விழுந்தது நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. நான் அடி வரைக்கும் போய்விட்டேன். அவன் ஒன்பது மாதமாக இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறான்.

"குடுக்காத மாப்பிள்ளை," என்றேன். "நடுங்கட்டும். நடுங்குற கையாலயே விடு. நான் உன்கிட்டதான் இருக்கேன்."

கண்ணை மூடிக்கொண்டேன். ஏழெட்டு மூச்சு போயிருக்கும். கயிறு நகர்ந்தது. வேகமும் இல்லை, உலுக்கலும் இல்லை. கண்ணை மூடியிருந்தும் அந்தப் பெட்டி வரவில்லை. தையல்காரர் "இன்னும் நாலடி, மூணடி" என்று எண்ணினார். போதகர் கை பலகையைத் தொட்டது. தரையில் வைத்தது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு மெதுவாக. கயிற்றை மட்டும் கழற்றி, என்னைப் பலகையோடு ஆம்புலன்ஸ் பக்கம் நகர்த்திவிட்டார்கள்.

மேலே பார்த்தேன். அவன் அப்படியே நின்றான். கயிற்றின் இந்த முனை தரையில் கிடக்கிறது, அந்த முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான்.

"நான் இறங்கிட்டேன் மாப்பிள்ளை! விடு!"

காதில் விழவில்லை. வெல்டர் சொன்னார், விடவில்லை. உன் அண்ணிதான் பக்கத்தில் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பத்து விரலுக்கும் நேரம் பிடித்தது. கயிற்றை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, அவன் உள்ளங்கை கிழிந்திருப்பதைப் பார்த்து, தன் முந்தானையைச் சுற்றினாள்.

அண்ணன்